அத்தியாயம் 6: மென்பொருளை ஊரறிய மதிப்பிடும் முன்

கட்டுகஸ்தோட்டையில் ஒரு பாடசாலை அதிபர், அக்குறணையில் ஒரு மொத்த வியாபாரி, கம்பளையில் ஒரு கூட்டுறவுச் சங்கச் செயலாளர். இவர்களில் யாரோ ஒருவர் உங்கள் காணொளியையோ பத்திரிகைக் கட்டுரையையோ பார்த்துவிட்டு ஒரு மென்பொருளுக்குப் பணம் கட்டப் போகிறார். மூன்று மாதம் கழித்து அது சரிவரவில்லை என்றால் கட்டிய பணம் திரும்பி வருவது அரிது. அதற்குள் பழைய பதிவேட்டில் எழுதுவதையும் நிறுத்தியிருப்பார்கள். மறுபக்கம், நாலைந்து இளைஞர்கள் சேர்ந்து உருவாக்கிய நல்ல மென்பொருளை நீங்கள் அவசரத்தில் பழித்துவிட்டால் அவர்களுக்கு அடுத்த வாடிக்கையாளர் கிடைக்கமாட்டார்.

ஆகவே ஒரு விதியை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லும் ஒவ்வொரு குறையையும் நிறையையும் இன்னொருவர் தன் கணினியில் செய்து பார்த்து அதே முடிவுக்கு வர முடிய வேண்டும். அப்படிக் காட்ட முடியாததை வெளியிட வேண்டாம்.

எந்த வேலைக்கு என்று முதலில் கேளுங்கள்

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் இலங்கைத் தன்னார்வலர்கள் சில வாரங்களுக்குள் உருவாக்கிய மென்பொருள் ‘சஹானா’. லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் அதற்குத் துணை நின்றது. காணாமற்போனோர் பதிவு, நிவாரண அமைப்புகளின் பதிவு, முகாம்களின் விபரம், உதவிக் கோரிக்கைகள் ஆகியவை அதன் முக்கிய பகுதிகள். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூக நலத் திட்ட விருதை கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது.

2005 ஜனவரியில் ஒருவர் அதன் திரை அழகையும் பொத்தான்களின் நிறத்தையும் வைத்து மதிப்பெண் போட்டிருந்தால், அது யாருக்கும் பயன்பட்டிருக்காது. அப்போது கேட்க வேண்டியிருந்த கேள்விகள் வேறு. ஒரே ஆளை இரண்டு அமைப்புகள் இரு விதமாகப் பதிந்தால் கண்டுபிடிக்க முடியுமா? இணையம் இல்லாத முகாமில் ஒரு மடிக்கணினியில் ஓடுமா? நீங்கள் எடுத்திருக்கும் மென்பொருளுக்கும் இப்படி மூன்று நான்கு கேள்விகள் இருக்கும். அவற்றைக் கற்பனையில் தேடாதீர்கள். அந்த வேலையைத் தினமும் செய்பவரிடம் அரை நாள் உட்கார்ந்து பாருங்கள். நூலக மென்பொருள் என்றால் நூலகர், சம்பள மென்பொருள் என்றால் சம்பளப் பட்டியல் எழுதும் லிகிதர்.

தொடங்கும் முன் ஒரு தாள்

கீழ் வருவனவற்றைச் சோதனை தொடங்கும் முன்பே எழுதுங்கள். பிறகு நினைவிலிருந்து எழுதினால் பதிப்பு எண் தவறும்.

1. மென்பொருளின் முழுப் பெயரும் பதிப்பு எண்ணும். ‘புதிய பதிப்பு’ என்று எழுதுவது பயனற்றது. ‘பற்றி’ என்ற பக்கத்தில் காணும் எண்ணை அப்படியே எழுதுங்கள்.
2. இலவசப் பதிப்பா, சோதனைக் காலப் பதிப்பா, பணம் கட்டியதா? சோதனைப் பதிப்பில் முடக்கப்பட்ட ஒன்றைக் ‘குறை’ என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.
3. கணினி அல்லது கைபேசியின் மாதிரி, நினைவகம், விண்டோஸ் அல்லது அன்ட்ரொய்ட் பதிப்பு.
4. எந்த வலையமைப்பு, எந்த இடம், எந்த நேரம்.
5. விலை, அது மாதக் கட்டணமா ஒரே தடவையா, ரூபாவிலா டொலரிலா. டொலரில் என்றால் நீங்கள் கணக்கிட்ட நாளின் மாற்று விகிதத்தையும் எழுதுங்கள். ரூபாவின் மதிப்பு சரிந்த 2022ஐக் கடந்து வந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.
6. அது உங்கள் கைக்கு எப்படி வந்தது. வாங்கினீர்களா, நிறுவனம் இலவசமாகத் தந்ததா, செய்தவர் உறவினரா?

ஆறாவதை மறைக்காதீர்கள். இலவசமாகப் பெற்றது குற்றமல்ல. அதைச் சொல்லாமல் விட்டால், பிறகு வெளியே தெரியும் நாளில் நீங்கள் எழுதிய உண்மைகளும் சேர்ந்து அடிபடும்.

உரிம ஒப்பந்தத்தை வாசியுங்கள்

‘ஏற்கிறேன்’ என்று அழுத்திவிட்டுக் கடந்துபோகும் அந்த நீண்ட பக்கத்தில் உங்களைக் கட்டும் ஒரு வரி இருக்கலாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டேவிட் டீவிட் 1980களின் தொடக்கத்தில் தரவுத்தள மென்பொருள்களின் வேகத்தை அளந்து வெளியிட்டார். ஒராக்கிளின் பெறுபேறு அதில் நன்றாக இல்லை. அதன் பின்னர், வேக அளவீட்டு முடிவுகளை எங்கள் அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்ற விதி உரிம ஒப்பந்தங்களில் ஏறியது. இன்றும் அதை டீவிட் விதி என்றே அழைக்கிறார்கள். சில பெரிய தரவுத்தள நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் அது இருக்கிறது.

எல்லா நீதிமன்றமும் இதை ஏற்றதில்லை. வைரஸ் தடுப்பு மென்பொருள் விற்ற நெட்வேர்க் அசோசியேட்ஸ் நிறுவனம், அனுமதியின்றி விமர்சனம் வெளியிடக் கூடாது என்று விதித்திருந்தது. நியூயோர்க் மாநிலத்தின் சட்டத்துறைத் தலைவர் 2002இல் அதன்மீது வழக்குத் தொடர்ந்தார். 2003இல் தீர்ப்பு நிறுவனத்துக்கு எதிராக வந்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு கண்டியில் உங்களைக் காக்காது. செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. ஒப்பந்தத்தில் ‘அளவீடு’, ‘ஒப்பீடு’, ‘வெளியிடல்’ என்று பொருள்படும் சொற்களைத் தேடுங்கள்.
2. தடை இருந்தால் நிறுவனத்துக்கு எழுதி எழுத்தில் அனுமதி கேளுங்கள்.
3. பதில் வராவிட்டால் வேக எண்களை விட்டுவிட்டு, செய்யக்கூடியது எது, செய்ய முடியாதது எது என்பதை மட்டும் எழுதுங்கள். ‘இந்த உரிமம் வேக முடிவுகளை வெளியிட அனுமதிக்கவில்லை’ என்ற ஒரு வரியையும் சேருங்கள். வாங்குபவருக்கு அந்த வரியே பெரிய தகவல்.

சோதனைக்கு யாருடைய விபரம்?

மாணவர் பட்டியல், நோயாளர் பதிவு, வாடிக்கையாளர் தொலைபேசி எண்கள் எவையும் சோதனைக்கு ஆகாது. கையில் தயாராக இருக்கிறது என்பதற்காக ஒரு பாடசாலையின் உண்மையான பட்டியலைப் புதிய மென்பொருளில் ஏற்றிப் பார்ப்பதுதான் நான் காணும் மிக ஆபத்தான பழக்கம். அது எந்த நாட்டுச் சேவையகத்துக்குப் போகிறது என்று உங்களுக்குத் தெரியாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனதில் வையுங்கள். பெயர்களை நீங்களே உருவாக்குங்கள். ஐம்பது பெயர் போதும்.

அடையாள அட்டை எண்ணை ஏற்கும் மென்பொருளில் இவற்றைப் பாருங்கள்:

- பழைய எண்ணில் ஒன்பது இலக்கமும் கடைசியில் ‘வி’ அல்லது ‘எக்ஸ்’ என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். புதிய எண் 12 இலக்கம். இரண்டையும் ஏற்க வேண்டும். ‘எக்ஸ்’ எழுத்தை மறந்த மென்பொருள்கள் உண்டு.
- பழைய எண்ணில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூடும். ஆகவே நாள் எண் 400 என்று இட்டால் மென்பொருள் மறுக்க வேண்டும்.
- பழையதைப் புதியதாக மாற்றும்போது முன்னால் 19 சேரும், பழைய எண்ணின் ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் ஒரு 0 நுழையும்.
- பெப்ரவரிக்கு எல்லா ஆண்டிலும் 29 நாள் என்று எண்ணித்தான் இந்த நாள் எண் போடப்படுகிறது. எந்த ஆண்டிலும் மார்ச் 1 என்பது 61. இதை அறியாமல் எழுதிய மென்பொருள், சாதாரண ஆண்டில் மார்ச் முதல் டிசம்பர் வரை பிறந்தவர்களின் பிறந்த நாளை ஒரு நாள் பிந்திக் காட்டும்.

சரியான எண் ஒன்று தேவைப்பட்டால் உங்கள் சொந்த எண்ணைப் பயன்படுத்தி, வெளியிடும் படத்தில் அதை முற்றாக மறையுங்கள். மங்கலாக்குவது போதாது, கறுப்புக் கட்டம் வையுங்கள்.

தமிழ்ச் சோதனை

‘தமிழ் வசதி உண்டு’ என்று விற்பனைத் தாளில் இருப்பதை அப்படியே எடுத்து எழுதுவதுதான் நம்மிடம் மிகப் பரவலான தவறு. அந்த வரிக்குப் பின்னால் முழுமையான தமிழும் இருக்கலாம், பாமினி எழுத்துருவும் இருக்கலாம். இந்தப் பகுதியில் அவசரப்பட வேண்டாம். இங்கேதான் உங்கள் மதிப்பீடு கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வரும் மதிப்பீடுகளைவிட மேலானதாக இருக்க முடியும்.

1. யுனிகோட் தானா? மென்பொருளில் ஒரு பெயரைத் தமிழில் தட்டச்சு செய்து, அதை நகலெடுத்து ஒரு குறுஞ்செய்தியில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்துக் குவியல் வந்தால் உள்ளே இருப்பது பாமினி போன்ற பழைய குறியீடு. அதில் தேடல் ஒழுங்காக நடக்காது, நாளை வேறு மென்பொருளுக்கு மாறும்போது தரவு முழுவதையும் மாற்றித்தான் எடுக்க வேண்டும். ஆனால் பழைய ஆவணத்திலிருந்து நீங்களே பாமினி எழுத்தை ஒட்டியிருந்தால் குற்றம் மென்பொருளுடையதல்ல. முதலில் அதை உறுதிப்படுத்துங்கள்.

2. விசைப்பலகை. இலங்கைத் தரமான எஸ்எல்எஸ் 1326 ரெங்கநாதன் விசைப்பலகையை அடிப்படையாகக் கொண்டது. அச்சகங்களில் பாமினி முறைக்குப் பழகியவர்கள் உண்டு. இளையோர் கைபேசியில் செல்லினம் போன்றவற்றில் தமிழ்99 முறையிலோ ஒலிப்பு முறையிலோ அடிக்கிறார்கள். குறைந்தது இரண்டு முறைகளில் அடித்துப் பாருங்கள்.

3. தேடல். ‘ஸ்ரீதரன்’ என்று ஒரு பதிவும் ‘ஶ்ரீதரன்’ என்று இன்னொரு பதிவும் செய்யுங்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். உள்ளே முதல் எழுத்து வேறு, ஏனெனில் ‘ஶ’ யுனிகோட்டுக்கு 2005இல்தான் வந்தது. ஒன்றைத் தேடினால் மற்றது வருகிறதா? அடுத்தது ‘ஔவை’. பலரும் ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்து அடித்து ‘ஒளவை’ என்று பதிவார்கள். பின்னர் ‘கொழுந்து’. ‘கொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு துண்டாகவும் சேமிக்கலாம். நல்ல மென்பொருள் இரண்டையும் ஒன்றாகவே கருதும். இந்த மூன்றையும் தாண்டாத மென்பொருளில் ஒரே பிள்ளை இரண்டு தடவை சேர்க்கப்படும்.

4. அகரவரிசை. ‘றஞ்சன்’, ‘வல்லிபுரம்’, ‘லட்சுமி’ என்று மூன்று பெயர் இட்டு வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். லட்சுமி, வல்லிபுரம், றஞ்சன் என்று வர வேண்டும். றஞ்சன் முதலில் வந்தால், அது தமிழ் அகரவரிசையைப் பாராமல் குறியீட்டு எண்களின் வரிசையில் அடுக்குகிறது.

5. பெயரின் அமைப்பு. ‘குடும்பப் பெயர்’ கட்டாயம் என்று நிற்கும் படிவத்தில் நம்மவர் தகப்பன் பெயரையோ ஒரு புள்ளியையோ இட்டு நகர்வார்கள். தலைப்பெழுத்து முன்னால் வரும் பெயரை அது ஏற்கிறதா, சான்றிதழில் எப்படி அச்சிடுகிறது என்று பாருங்கள்.

6. நீளம். யுனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் பரவலான முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுக்கும், ஆங்கில எழுத்து ஒன்றே எடுக்கும். இடத்தை பைட் கணக்கில் ஒதுக்கிய மென்பொருள் நீண்ட தமிழ்ப் பெயரைப் பாதியில் வெட்டிவிடும். நீளமான பெயர் ஒன்றை இட்டு, சேமித்து, மூடி, மறுபடி திறந்து பாருங்கள்.

7. குறுஞ்செய்தி. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து. தமிழில் 70 குறிகள்தான், ‘கொ’ அதில் இரண்டாகக் கணக்காகும். பெற்றோருக்குத் தமிழில் அறிவித்தல் அனுப்பும் பாடசாலை மென்பொருளின் மாதச் செலவு, விற்பனையாளர் சொன்னதைப் போல இரண்டு மூன்று மடங்காவது இதனால்தான். ஒரு வழமையான அறிவித்தலை எண்ணிப் பார்த்துச் செலவை எழுதுங்கள்.

8. அச்சும் ஏற்றுமதியும். பிடிஎப் கோப்பிலிருந்து தமிழை நகலெடுத்துப் பாருங்கள். காற்புள்ளியால் பிரித்த பட்டியல் கோப்பை எக்செல்லில் நேரடியாகத் திறந்தால் எழுத்துகள் சிதறலாம். ‘தரவு’ பட்டியின் வழியே குறியீட்டைத் தெரிந்தெடுத்து இறக்கிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். சரியானால் அதைக் குறையாக எழுதாமல் வழிமுறையாக எழுதுங்கள்.

தமிழ்நாட்டில் உருவாகி வரும் மென்பொருளில் இன்னொன்று கவனியுங்கள். மாநிலம், வட்டம், ஆறு இலக்க அஞ்சல் எண் என்று கேட்டால் நமக்கு அது உதவாது. நமக்கு மாகாணம், மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, கிராம உத்தியோகத்தர் பிரிவு. அஞ்சல் குறியீடு ஐந்து இலக்கம், கண்டிக்கு 20000, பேராதனைக்கு 20400.

கணக்கு பார்க்கும் மென்பொருள்

கையால் போட்ட கணக்கில்லாமல் சம்பள மென்பொருளைத் தொடாதீர்கள். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து 8 வீதம், தொழில் தருநரிடமிருந்து 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில் தருநரிடமிருந்து 3 வீதம். 30,000 ரூபாவுக்கு 2,400, 3,600, 900. இது எல்லா மென்பொருளிலும் சரியாக வரும். சிக்கல் மாற்றம் நிகழும் மாதத்தில் இருக்கிறது. 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 900 ரூபாவும் அதனுடன் 100 ரூபா நிவாரணப்படியும் என்று ஆயிரமானது. மாதத்தின் நடுவில் விகிதத்தை மாற்றுங்கள். முந்திய நாட்களின் சம்பளமும் சேர்ந்து மாறுகிறதா? மாறினால் அந்த மென்பொருளைத் தோட்ட அலுவலகத்துக்குப் பரிந்துரைக்க வேண்டாம்.

கண்டியில் அளப்பது

மலையைச் சுற்றி ஒரு திருப்பம் திரும்பினால் அலைவரிசை மாறும் ஊர் இது. நகர மத்தியில் ஒருமுறை, ஹந்தானைச் சரிவில் ஒருமுறை, தெல்தோட்டை அல்லது கலஹா பக்கம் ஒருமுறை என்று வேறு வேறு இடத்தில் பாருங்கள். பெரஹர நாட்களில் நகரில் வேகம் அளக்க வேண்டாம். கூட்டம் வலையமைப்பை நிரப்பிவிடும், பழி மென்பொருளின் தலையில் விழும்.

1. ஒரே செயலைப் பத்துத் தடவை செய்து நேரங்களை எழுதி, வரிசைப்படுத்தி நடுவில் வரும் இரண்டின் சராசரியை எடுங்கள். மிகக் குறைந்ததையும் மிகக் கூடியதையும் சேர்த்தே வெளியிடுங்கள்.
2. பதிவின் நடுவில் கைபேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். பதிந்தது மிஞ்சுகிறதா? இணைப்பு திரும்பியபின் இரண்டாகப் பதிகிறதா?
3. சேமிக்கும் கணத்தில் மின்சாரத்தைத் துண்டியுங்கள். 2022 மார்ச் இறுதியில் 13 மணி நேர மின்வெட்டைக் கண்ட நாட்டில் இது அவசியமான சோதனை. உங்கள் சொந்த வேலைக்கான கணினியில் செய்ய வேண்டாம், பழைய ஒன்றை ஒதுக்குங்கள்.
4. மூன்று நான்கு வருடம் பழைய, மலிவான கைபேசியில் கட்டாயம் பாருங்கள். வாங்குபவரின் கையில் இருப்பது அதுதான்.

எச்சரிக்கைச் செயலிகள்: தனிக் கவனம்

மண்சரிவு எச்சரிக்கை காட்டும் செயலிகளை மதிப்பிடும்போது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நிலைகளை அது சரியாகவும் தமிழில் தெளிவாகவும் காட்டுகிறதா, எவ்வளவு தாமதிக்கிறது என்று பாருங்கள். சிவப்பு என்றால் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும். ஆகவே சிவப்பு எச்சரிக்கைத் திரையின் படத்தை, குறுக்கே ‘மாதிரி’ என்று பெரிய எழுத்தில் எழுதாமல் ஒருபோதும் வெளியிடாதீர்கள். அந்தப் படம் உங்கள் கட்டுரையிலிருந்து பிரிந்து, திகதி இல்லாமல், மழை இரவொன்றில் வட்ஸ்அப்பில் வரும். பயந்து இருட்டில் இறங்கி ஓடும் குடும்பத்தின் பொறுப்பு உங்களுடையது.

பாதுகாப்பு ஓட்டை கண்டால்

ஒரு மாணவரின் பெறுபேற்றைப் பார்க்கும்போது முகவரியில் ஒரு எண்ணை மாற்றினால் இன்னொருவருடையது வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். இன்னும் எத்தனை பேருடையது வருகிறது என்று பார்க்கும் ஆவல் உங்களை 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் எல்லைக்குள் கொண்டுபோகலாம். நோக்கம் நல்லது என்று பிறகு சொல்லிப் பயனில்லை.

1. கண்டதை, நேரத்துடன், மற்றவரின் விபரம் எதுவும் இன்றி எழுதி வையுங்கள்.
2. உருவாக்கியவருக்கு எழுதுங்கள். தொலைபேசியில் மட்டும் சொல்ல வேண்டாம்.
3. பதில் இல்லையென்றால், அல்லது அது அரச சேவை என்றால், கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் இலங்கை சேர்ட் அமைப்புக்கு அறிவியுங்கள்.
4. திருத்த அவகாசம் கொடுங்கள். கூகுளின் புரொஜெக்ட் சீரோ குழு 90 நாள் கொடுக்கிறது. சின்ன நிறுவனத்துக்கும் அதே அளவு நியாயமானது.
5. திருத்திய பின்னும் செய்முறையை வெளியிட வேண்டாம். ‘இப்படியொரு ஓட்டை இருந்தது, இன்ன பதிப்பில் அடைக்கப்பட்டது’ என்பது போதும்.

எழுதும்போது

கண்டதையும் கருதியதையும் பிரித்து எழுதுங்கள். ‘500 பதிவுள்ள பட்டியலைத் திறக்க 14 செக்கன் எடுத்தது’ என்பது கண்டது. ‘தாமதம் பொறுக்க முடியவில்லை’ என்பது கருத்து. இரண்டும் வேண்டும், இந்த ஒழுங்கில். ‘ஏமாற்று வேலை’, ‘திருட்டு மென்பொருள்’ போன்ற சொற்கள் ஆளின் நோக்கத்தைப் பற்றியவை. அதை நீங்கள் சோதித்திருக்கமாட்டீர்கள். இலங்கையில் 2002இல் குற்றவியல் அவதூறுச் சட்டம் நீக்கப்பட்டாலும் நட்டஈடு கோரி வழக்குப் போட இடமுண்டு. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இப்போது இருக்கிறது. பதிப்பு எண், திகதி, செய்முறை மூன்றும் உள்ள குறையை எவரும் எளிதில் பொய் என்று சொல்ல முடியாது.

ஐந்துக்கு மூன்றரை, பத்துக்கு ஏழு என்று மதிப்பெண் போட வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். நூலகத்துக்கு நல்லதாக இருப்பது கடைக்கு ஆகாது. அதற்குப் பதிலாக யாருக்கு ஏற்றது, யாருக்கு ஏற்காது என்று இரண்டு வரி எழுதுங்கள்.

வெளியிடுவதற்கு ஒரு வாரம் முன்பு, கண்ட குறைகளின் பட்டியலை மட்டும் உருவாக்கியவருக்கு அனுப்புங்கள். முழுக் கட்டுரையை அனுப்பி ஒப்புதல் கேட்காதீர்கள். அவர் ‘இது இன்ன இடத்தில் இருக்கிறது’ என்று காட்டினால், சென்று பார்த்துத் திருத்துங்கள். மறுத்தால் அவருடைய மறுப்பையும் ஒரு வரியில் சேருங்கள். குறைகளை நீக்கச் சொல்லி விளம்பரமோ பணமோ பேசினால் உரையாடலை அங்கேயே முடித்து, கட்டுரையை இருந்தபடியே வெளியிடுங்கள்.

வெளியான பிறகு தாளைத் தூக்கி எறியாதீர்கள். புதிய பதிப்பு வரும்போது அதே ஐம்பது பெயர்கள், அதே மூன்று தேடல்கள், அதே சம்பளக் கணக்கு ஆகியவற்றைத் திரும்ப ஓட்ட ஒரு பிற்பகல் போதும். மாறியதை மட்டும் திகதியிட்டு, பழைய மதிப்பீட்டின் தலையிலேயே சேருங்கள்.